டைனோசர் எங்கே பிறந்தது? கேள்வி பதில்

கே: முதல் டைனோசர் தோன்றியது எந்த நாடு சார்?

ப: அப்போது நாடு ஏது? நிலமெல்லாம் ஒட்டிக்கொண்டு பான்ஜியா என்ற ஒரே கண்டமாகக் கிடந்தது. சந்தேகத்துக்கு இடமில்லாத மிகப் பழைய டைனோசர் எலும்புகள் தெற்கு பிரேசிலிலும் அர்ஜென்டினாவின் இஸ்சிகுவாலஸ்டோவிலும் கிடைத்தவை. வயது சுமார் 23 கோடி ஆண்டு. இஸ்சிகுவாலஸ்டோவின் இயோராப்டர் ஒரு மீட்டர் நீளம்தான். அதன் வாய்தான் வேடிக்கை: இலை வடிவப் பல்லும் ரம்பம் போல வளைந்த பல்லும் ஒரே தாடையில்.

அந்தக் காலத்தில் டைனோசர்கள் சிறுபான்மை. கூட்டமாக மேய்ந்தது ஹைப்பரோடபீடான் என்ற அலகுவாய் விலங்கு. அதன் எலும்பு பிரேசிலில் இருக்கிறது, ஜிம்பாப்வேயில் இருக்கிறது, நம் தெலங்கானாவின் மலேரி பாறைகளிலும் இருக்கிறது. கடல் தாண்டி நீந்தியா வந்தது? நடந்தே வந்தது.

கே: ஜுராசிக் காலத்தில்தானே தோன்றின?

ப: இல்லை, அதற்கு முந்தைய ட்ரையாசிக்.

கே: எங்கள் ஊர் ஏரியில் டைனோசர் முட்டை கிடைத்திருக்கிறது. படம் பாருங்கள்.

ப: உருண்டையாக இருப்பதெல்லாம் முட்டை இல்லை. 2020இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்திலும் இப்படித்தான் பரபரப்பானது. அம்மோனைட் என்ற கடல் உயிரியைச் சுற்றி இறுகிய படிவு என்று புவியியலாளர்கள் சொன்னார்கள். அந்தப் பக்கம் அப்போது கடல்.

கே: குமரிக்கண்டம் என்கிறார்களே, அந்த லெமூரியாவை ஏன் சொல்லவில்லை?

ப: 1864இல் பிலிப் ஸ்க்ளேட்டர் என்ற விலங்கியலாளர், லெமூர் என்ற குரங்குக்கு உறவான விலங்குகள் பரவியதை விளக்க ஊகித்த கண்டம் அது. இந்தியாவும் மடகாஸ்கரும் ஒட்டியிருந்து சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தன என்று தெரிந்தபின் அதற்கு வேலை இல்லை.

கே: மொரீஷியஸுக்கு அடியில் கண்டம் இருப்பதாகச் செய்தி வந்ததே! மறைக்கிறீர்களா?

ப: மறைக்க என்ன இருக்கிறது? தீவின் எரிமலைப் பாறைக்கு ஒரு கோடி ஆண்டுகூட ஆகவில்லை. அதற்குள் 300 கோடி ஆண்டு வரை பழைய சிர்கான் என்ற கனிமத்தின் படிகங்கள். அடியில் பழைய கண்டத் துண்டு இருக்கிறது, சரி. இந்தியாவும் மடகாஸ்கரும் பிரிந்தபோது சிதறிய துண்டு அது. மனித இனத்துக்கு வயது சுமார் 3 லட்சம் ஆண்டுதான்; அந்தப் பிரிவைப் பார்க்க மனிதரே இல்லை. சங்க நூல்களின் கடல்கோளைத் தாராளமாகப் பேசலாம். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடாதீர்கள்.

கே: அப்படியென்றால் குமரிக்கண்டம் பொய்யா?

ப: மேலே படியுங்கள்.

கே: டைனோசருக்கு வெப்ப ரத்தமா?

ப: அதை விலங்கியல்காரர்களிடம் கேளுங்கள். நான் பாறை ஆள்.

கே: சார், கிணறு தோண்டும்போது முட்டை மாதிரி ஒரு கல்...

ப: மறுபடியுமா! உடைக்காதீர்கள், விலை பேசாதீர்கள். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்துப் படம் எடுத்து, அருகிலுள்ள கல்லூரிப் புவியியல் துறைக்கு அனுப்புங்கள்.