பொடி மருந்து இழுத்தும் இரைப்பு அடங்கவில்லை: மருந்தை மாற்ற வேண்டுமா?

மருந்தை மாற்றச் சொல்வதற்கு முன், உங்கள் தந்தை அதை இழுக்கும் முறையைக் கவனியுங்கள். குலசேகரத்தில் பல ஆண்டுகள் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போட்டவர், சி.ஓ.பி.டி. (மூச்சுக்குழாய்கள் சுருங்கி மூச்சு வாங்கவைக்கும் நாள்பட்ட நுரையீரல் நோய்) என்று உறுதியானவர், இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை தொடங்கியதிலிருந்து, கருவியில் போட்டு இழுக்கும் கேப்சூல் மருந்து பலன் தரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு மழைமேல்தான் சந்தேகம்: டப்பா சரியாக மூடப்படாவிட்டால் ஈரக்காற்றில் பொடி கட்டியாகி, நுரையீரலுக்குப் போகாமல் கருவியிலேயே ஒட்டிக்கொள்ளும்.

இழுத்து முடித்ததும் கருவியைத் திறந்து, பொடி மிஞ்சியிருக்கிறதா என்று பாருங்கள். மிஞ்சினால் மீண்டும் இழுக்க வேண்டும். முதலில் மூச்சை முழுவதும் வெளியே விட்டு, பிறகு உதடுகளை இறுக்கி, வேகமாகவும் ஆழமாகவும் இழுத்து, 10 விநாடி அடக்க வேண்டும். கருவிக்குள்ளேயே ஊதிவிடுபவர்கள் உண்டு. அந்த ஈரமே பொடியைக் கெடுத்துவிடும். வேகமாக இழுக்க அவருக்கு வலுவில்லையென்றால், ஸ்பேசருடன் (மருந்தைத் தேக்கிவைத்து மெதுவாக இழுக்க உதவும் குழாய்) கூடிய ஸ்ப்ரே ஒத்துவருமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

ஆனால் ஒன்று: புகையால் சேதமான நுரையீரல் முழுமையாகப் பழைய நிலைக்குத் திரும்பாது, முறை சரியானாலும் இரைப்பு குறையுமே தவிர, அறவே நீங்காது. உதடு நீலம் பாரித்தாலோ, ஒரு வாக்கியத்தைக்கூடப் பேசி முடிக்க முடியாவிட்டாலோ, இந்தச் சோதனைகளில் நேரத்தைக் கழிக்காமல் 108-ஐ அழைத்து ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.