அப்பாவின் ஒமேகா: திருத்துவதா, மாற்றுவதா?

கேள்வி: அப்பா 1971இல் வாங்கிய ஒமேகா சீமாஸ்டர். ஓட்டோமெட்டிக், திகதி காட்டும். அவர் காலமான பின் ஆறு வருடமாக அலுமாரியில் கிடந்தது. இப்போது கட்டினால் ஒரு நாளைக்கு எட்டு நிமிடம் பிந்துகிறது. இரவில் கழற்றி வைத்தால் விடியுமுன் நின்றுவிடுகிறது. ஒரு கடையில் முழு சேர்விஸ், டயல் புதிதாக்கல், கேஸ் பொலிஷ், புதுக் கண்ணாடி, புது முட்கள் என்று எல்லாவற்றுக்கும் 1 இலட்சத்து 40 ஆயிரம் கேட்கிறார்கள். இன்னொருவர், "இதைத் தந்துவிட்டு மேலே கொஞ்சம் போடுங்கள், புத்தம் புதிதாக ஒன்று தருகிறேன்" என்கிறார். எதைச் செய்வது? (வாசகர், வெள்ளவத்தை)

பதில்: மாற்ற வேண்டாம். அந்த இரண்டாவது ஆளிடம் இனிப் போகவும் வேண்டாம். கடைக்காரர் தந்த கணக்கையும் அப்படியே ஒத்துக்கொள்ள வேண்டாம். அதிலுள்ள ஐந்து வேலைகளில் உங்கள் மணிக்கூட்டுக்குத் தேவையானது ஒன்றுதான்.

எட்டு நிமிடம் பெரிய பிழை போலத் தெரியும். ஒரு நாளின் 1,440 நிமிடத்தில் அது நூற்றுக்கு அரையளவு. உள்ளே இருப்பது அநேகமாக 565 என்ற இயந்திரமாக இருக்கும். அது மணிக்கு 19,800 தரம் அடிக்கும், அதாவது நாளொன்றுக்கு 4 இலட்சத்து 75 ஆயிரம் தரம். எண்ணெய் காய்ந்து பிசினாகிய நிலையிலும் அது இவ்வளவு நெருக்கமாக ஓடுகிறதென்றால் இயந்திரம் நல்ல நிலையில் இருக்கிறது என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். பிந்தாமல் பல நிமிடம் முந்தியிருந்தால் முதலில் காந்தத்தைச் சந்தேகிக்கச் சொல்லியிருப்பேன். கைத்தொலைபேசி உறையின் காந்தப் பூட்டே அதற்குப் போதும். காந்தம் நீக்குவது சில வினாடி வேலை, அதற்கு யாரும் சேர்விஸ் காசு அறவிடக் கூடாது.

கடைக்குப் போகுமுன் வீட்டில் ஒரு சோதனை செய்யுங்கள். சாவிக் குமிழை வெளியே இழுக்காமல், முன்பக்கமாக மெதுவாக 30, 40 சுற்றுக் கொடுங்கள். மணிக்கூட்டை முகம் மேலே பார்க்க மேசையில் வைத்து, எத்தனை மணி நேரம் ஓடுகிறதென்று குறியுங்கள். இந்த இயந்திரம் புதிதில் ஏறத்தாழ 50 மணி நேரம் ஓடியது. உங்களுடையது 40ஐ எட்டினால் இயந்திரத்தை ஓட்டும் சுருள்வில் பரவாயில்லை. கையில் கட்டியிருக்கும்போது ரோட்டர் (கை அசைவில் சுழலும் எடை) அதை ஒழுங்காக முறுக்கவில்லை, குறை அங்கேதான். கையால் முறுக்கியும் 20 மணி நேரத்தில் நின்றால் சுருள்வில் தளர்ந்துவிட்டது, அல்லது எண்ணெய் முற்றாகக் காய்ந்துவிட்டது. இந்த எண்ணிக்கையோடு போனால் கடைக்காரர் உங்களோடு கதைக்கும் விதமே மாறிவிடும்.

அடுத்ததாக, பின்மூடியை உங்கள் கண்முன்னே திறக்கச் சொல்லுங்கள். "விட்டுவிட்டுப் போங்கள், பார்த்துச் சொல்கிறோம்" என்று சொல்லும் இடத்தில் வைக்க வேண்டாம். மூடியின் உட்பக்கத்தில் ஓர் இலக்கம் இருக்கும். அது 166 என்று தொடங்கினால் ஓட்டோமெட்டிக், திகதியோடு வந்தது என்று பொருள், உங்கள் மணிக்கூட்டுக்குப் பொருந்தும். அதே மூடியில் வட்டமாக ஒரு கீறல் ஓடுகிறதா, செப்புத் தூள் போல ஏதும் ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். ரோட்டர் சுழலும் மையப் புஷ் (தாங்கு வளையம்) தேய்ந்து, ரோட்டர் ஒரு பக்கம் சரிந்து மூடியில் உரசுவதால் அது வரும். இந்த வகை இயந்திரத்துக்கு அது வழமையான நோய். புஷ் ஒன்று மாற்றினால் தீரும், இயந்திரத்தையே மாற்றத் தேவையில்லை. பாலத்தில் (சில்லுகளை மேலிருந்து பிடிக்கும் உலோகத் தட்டு) வெட்டியிருக்கும் எட்டு இலக்கத் தொடர் எண்ணையும் இயந்திரம் முழுவதையும் கைத்தொலைபேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். திருப்பி எடுக்கும்போது அதே எண் இருக்க வேண்டும்.

இனி அந்த 1 இலட்சத்து 40 ஆயிரத்துக்கு வருவோம். முழு சேர்விஸ் தேவை, அதில் சந்தேகமில்லை. ஆனால் அது என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள். இயந்திரத்தைக் கடைசித் திருகாணி வரை கழற்றி, சுத்திகரிப்புத் திரவத்தில் கழுவி, புதுச் சுருள்வில் போட்டு, இடத்துக்கு இடம் வெவ்வேறு எண்ணெயும் கிரீஸும் வைத்துப் பூட்டி, பின்மூடி, குமிழ் ரப்பர் வளையங்களை மாற்றுவதுதான் சேர்விஸ். கழற்றாமல் மேலால் ஒரு துளி எண்ணெய் விட்டுச் சேர்விஸ் என்பவர்கள் இருக்கிறார்கள். புது எண்ணெய் பழைய பிசினையும் தூளையும் சேர்த்துக் குழைத்து அரைக்கும் பசையாக்கிவிடும். சில்லு முனைகளைத் தாங்கும் மாணிக்கக் கல் தேயாது. அதில் சுழலும் உருக்கு முனைதான் தேயும். மூன்று மாதம் அருமையாக ஓடிய பிறகு அந்தச் சில்லையே மாற்ற வேண்டிவரும்.

மற்ற நான்கு வேலைகளையும் வெட்டிவிடுங்கள். கண்ணாடி உடையாவிட்டால் மாற்றாதீர்கள். அது அக்ரிலிக், கீறலைப் பசை போட்டுத் துடைத்தே எடுக்கலாம். உருப்பெருக்கியால் நடுவே பார்த்தால் தூசி அளவில் ஒமேகாவின் சின்னம் தெரியும். கடையில் போடும் மாற்றுக் கண்ணாடியில் அது பெரும்பாலும் இருக்காது. கேஸ் பொலிஷ் செய்தால் கூர்மையான விளிம்புகள் சோப்புக்கட்டி போல உருண்டுவிடும், போன உலோகம் திரும்பாது.

டயல் விஷயத்தில் கெஞ்சிக் கேட்கிறேன்: தொட விடாதீர்கள். பழைய ஒமேகாவின் பெறுமதியில் பெரும்பங்கு அந்த முகத்தில்தான் இருக்கிறது. மங்கல், மஞ்சள் படிவு, சிறு புள்ளி எல்லாம் குறையல்ல, அது அசல் என்பதற்கான சாட்சி. திரும்ப வண்ணமடித்தால் எழுத்துகள் தடிக்கும், இடைவெளி பிசகும். அடியில் "சுவிஸ்" என்ற சொல்லின் இருபுறமும் இருந்த சின்னஞ்சிறு "ரீ" (T) எழுத்துகளும் பல இடங்களில் காணாமல் போகும். ஒளிரும் பூச்சில் திரித்தியம் என்ற கதிரியக்கப் பொருள் இருந்ததைச் சொல்லும் எழுத்துகள் அவை. இணையத்தில் பளபளக்கும் டயலோடு மலிவாக வரும் பழைய மணிக்கூடுகளைச் சேகரிப்பவர்கள் "மும்பை ஸ்பெஷல்" என்று ஒதுக்குகிறார்கள். அப்பாவுடையதை நீங்களே காசு கொடுத்து அந்த வரிசையில் சேர்க்க வேண்டாம்.

"மேலே கொஞ்சம் போடுங்கள்" என்ற தரகருக்கும் இதுவே நோக்கம். அவருக்கு வேண்டியது உங்கள் மூல டயலும் 565உம். அவர் தரும் "புதியது" எங்கிருந்து வந்தது, உத்தரவாத அட்டையில் யார் கையொப்பம் என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு மாறும். செட்டியார் தெருவில் தங்கமாக நிறுத்துப் பார்க்கச் சொல்பவர்களையும் நம்பாதீர்கள். கேஸில் 750 (18 கரட்), 585 (14 கரட்) போன்ற தங்க முத்திரை இல்லாவிட்டால் அது பெரும்பாலும் மேலுறைத் தங்கம்தான்.

உதிரிப்பாகங்கள் ஏன் இவ்வளவு விலை என்று கேட்பீர்கள். ஒமேகாவின் தாய் நிறுவனமான ஸ்வாட்ச் குழுமம், தன் அங்கீகாரம் பெறாத திருத்துநர்களுக்கு உதிரி விற்பதை 2015 முடிவோடு நிறுத்திவிட்டது. திருத்துநர் சங்கங்களின் முறைப்பாட்டை ஐரோப்பிய ஆணைக்குழு நிராகரித்தது, 2017இல் ஐரோப்பியப் பொது நீதிமன்றமும் அந்த முடிவையே சரியென்றது. ஆகவே கொழும்பில் முப்பது வருடம் இந்தத் தொழிலைச் செய்த நல்ல கைக்குக்கூட நேர்வழியில் ஒரு குமிழ் வராது. பழைய இருப்பு, கழித்த மணிக்கூடு, தபாலில் வந்து சுங்கத்தில் காத்திருக்கும் பொதி என்று அலைய வேண்டும். வாங்கியவர் தன் பொருளைத் தான் விரும்பிய இடத்தில் திருத்த முடியாதென்பது அநியாயம். அந்த அநியாயத்தின் விலைதான் உங்கள் பற்றுச்சீட்டில் வருகிறது.

நான் சொன்னதெல்லாம் மாறக்கூடிய ஒரே இடம் துரு. ஆறு வருடம் வெள்ளவத்தைக் கடற்காற்றில், காய்ந்த ரப்பர் வளையத்தோடு கிடந்திருக்கிறது. கண்ணாடிக்குள் எப்போதாவது ஆவி படிந்ததா? மூடி திறந்ததும் குமிழின் தண்டையும் அதைச் சுற்றியுள்ள சிறு பற்சில்லுகளையும் பாருங்கள். ஈரம் முதலில் நுழைவது அந்த வழியால்தான். அங்கு மட்டும் செந்நிறம் என்றால் தண்டையும் இரண்டு சில்லையும் மாற்றலாம், பயமில்லை. திகதித் தட்டின் கீழும் பரவியிருந்தால் செலவு ஏறும், ஆனாலும் செய்யலாம். நேரத்தை ஒழுங்குபடுத்த இங்குமங்கும் ஆடும் பலன்ஸ் சில்லின் தலைமயிர் போன்ற சுருளில் ஒரு புள்ளி துரு இருந்தாலும் அந்தச் சுருளைத் துடைத்துப் பயனில்லை. பலன்ஸையே முழுதாக மாற்ற வேண்டும். அதோடு பாலங்களும் அரித்திருந்தால் திருத்தாதீர்கள். உலர்த்திச் சுத்தம் செய்து, சிலிக்கா ஜெல் பொதியோடு ஞாபகமாக வைத்துக்கொண்டு, கட்டுவதற்கு வேறொன்று வாங்குங்கள். அப்போதும் இதைக் கொடுத்து அதை வாங்க வேண்டாம். ஆவி இன்றைக்குத்தான் படிந்ததென்றால் ஞாயிறு, போயா என்று பார்த்துக் காத்திருக்காமல் மறுநாளே திறக்க வேண்டும், துரு சில நாட்களிலேயே பிடித்துவிடும்.

புதியது வாங்கினால் செலவு ஓய்ந்துவிடும் என்பதும் பிழை. ஒமேகாவே 5 முதல் 8 வருடத்துக்கு ஒருமுறை முழு சேர்விஸ் செய்யச் சொல்கிறது. பல இலட்சம் கொடுத்து வாங்கியதற்கும் அதே கழுவல், அதே எண்ணெய்.

கொடுக்கும்போது பற்றுச்சீட்டில் தொடர் எண், செய்யும் வேலை, "டயல், முட்கள், கேஸ் தொடப்படாது", "கழற்றிய பழைய உதிரிகள் திருப்பித் தரப்படும்" என்பவற்றை எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் அந்தக் கடை வேண்டாம். பிறகு பிணக்கு வந்தால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடலாம். மூன்று மாதத்துக்குள் செய்ய வேண்டும், கையில் துண்டு இல்லாமல் போனால் உங்கள் பேச்சு எடுபடாது.

திருப்பி எடுக்கும் நாளில் ஓட்டத்தை அளக்கும் டைம்கிராபர் கருவியில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். முழுதாக முறுக்கி, முகம் மேலே பார்க்க வைத்தால் பலன்ஸ் வீச்சு (அந்தச் சில்லு ஒரு பக்கம் ஆடும் அளவு) 270 பாகை அளவில் இருப்பது நல்லது. 220க்குக் கீழ் என்றால் வேலை முடியவில்லை, திரும்பக் கொடுத்துவிடுங்கள். நாளுக்கு 15 வினாடிக்குள் ஓடினால் இந்த வயதுக்கு அது நல்ல ஓட்டம். பின்மூடியை மூடுமுன் தொடர் எண்ணைப் படத்தோடு ஒப்பிட்டுவிட்டுக் காசைக் கொடுங்கள்.