பக்கத்து வீட்டுக்காரர் தந்த 200 கேசட்டுகள்

கேள்வி: கலிஃபோர்னியாவில் வசிக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் வீடு மாறும்போது, கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க ராக் இசைக்குழுவின் கச்சேரிகளை நேரடியாகப் பதிந்த கேசட்டுகள் சுமார் 200-ஐ என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். 1977 முதல் 1990 வரையிலானவை. கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். இணையத்தில் பகிரலாமா? பென் டிரைவில் போட்டுக் கொடுத்து, செலவுக்கென்று 20 டாலர் வாங்கினால் தவறா? அந்தக் குழுவே பதிவுக்கு அனுமதி தந்தது என்கிறார்களே?

பதில்: கேசட் உங்களுடையதுதான். அதிலுள்ள பாட்டின் உரிமை உங்களுக்கும் வரவில்லை, தந்தவருக்கும் இருந்ததில்லை. அமெரிக்காவில் கலைஞரின் சம்மதம் இல்லாமல் கச்சேரியைப் பதிவதும், அந்தப் பதிவைப் பரப்புவதும் கூட்டாட்சிச் சட்டப்படி தவறு. இந்தச் சட்டம் வந்தது 1994 டிசம்பரில். 'என் டேப் 1977-இல் பதிந்ததாயிற்றே' என்று தப்பிக்க முடியாது; இன்றைக்கு நீங்கள் பரப்பினால் அது இன்றைய செயல். இலவசமாகக் கொடுத்தாலும் சிவில் வழக்குக்கு இடம் உண்டு.

ஆக, எல்லாமே சம்மதத்தில்தான் நிற்கிறது. உங்கள் அதிர்ஷ்டம், இந்தக் குழுவைப்போல் தாராளமாகச் சம்மதித்தவர்கள் குறைவு. முன்பெல்லாம் ரசிகர்கள் மைக்கோடு வந்தால் பெரும்பாலும் கண்டும் காணாமல் விட்டார்கள். 1984 அக்டோபரில் சவுண்ட்போர்டுக்கு (மேடை ஒலியைக் கலந்து சீராக்கும் கருவி) பின்னால் பதிவு செய்பவர்களுக்கென்றே தனி இடம் ஒதுக்கினார்கள். ஆனால் ஒரே நிபந்தனை: காசு கூடாது. இணையம் வந்த பிறகு விளம்பர வருமானத்துக்கும் அதே தடைதான்.

அதனால் அந்த 20 டாலரை மறந்துவிடுங்கள். காசு வாங்கிய நிமிடமே சம்மதம் போய்விடுகிறது. லாப நோக்கில் தெரிந்தே செய்தால் அது கிரிமினல் குற்றம். முதல் முறைக்கே ஐந்தாண்டு வரை சிறை. 'செலவுக்குத்தான்' என்று நீங்கள் விளக்கிக்கொண்டிருக்க வேண்டிவரும். பழைய டேப் ரசிகர்கள் இதற்கு நல்ல வழி வைத்திருந்தார்கள்: கேட்பவரே வெற்றுக் கேசட்டும் தபால்தலையும் அனுப்பிவிடுவார். நீங்களும் பென் டிரைவை அவர்களையே அனுப்பச் சொல்லுங்கள்.

அப்புறம், எல்லாக் கேசட்டும் ஒரே ரகமல்ல. கூட்டத்தின் கைதட்டல் கேட்காமல் மேடை ஒலி மட்டும் சுத்தமாக வந்தால் அது பெரும்பாலும் சவுண்ட்போர்டுப் பதிவு, அதாவது அந்தக் கருவியிலிருந்தே நேராக எடுத்தது. ரசிகர் கூட்டத்தில் மைக் வைத்துப் பதிந்தது பார்வையாளர் பதிவு. 2005 நவம்பரில் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இலவச இணையக் காப்பகத்திலிருந்து இந்தக் குழுவின் பதிவுகளைப் பதிவிறக்கும் வசதி திடீரென எடுக்கப்பட்டது. ரசிகர்கள் கொந்தளிக்க, பார்வையாளர் பதிவுகளுக்கு மட்டும் அது திரும்ப வந்தது. சவுண்ட்போர்டுப் பதிவுகளை அங்கேயே கேட்கலாம், இறக்கிக்கொள்ள முடியாது. கொடுத்த சலுகையைக் குழு திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். நீங்களும் பார்வையாளர் பதிவுகளை மட்டும் பகிருங்கள். 1977 மே 8 அன்று கார்னெல் பல்கலைக்கழகத்தில் நடந்த கச்சேரி உங்களிடம் இருந்தால் ஒன்று கவனியுங்கள்: அது 2017-இல் அதிகாரபூர்வ ஆல்பமாக வந்துவிட்டது. ரசிகர் பதிந்த டேப் வேறு, கடையில் விற்கும் அந்த ஆல்பத்தின் நகல் வேறு. இரண்டாவதைத் தொடாதீர்கள்.

நான் பயப்படுவது இன்னொன்றுக்கு. 1987 ஜூலையில் பாடகர் பாப் டிலனும் இவர்களும் சேர்ந்து ஆறு கச்சேரிகள் நடத்தினார்கள். அதில் ஒன்று உங்கள் பெட்டியில் இருந்தால், டெட் குழுவின் சம்மதம் டிலனைக் கட்டுப்படுத்தாது. ஒரே மேடையில் நின்றாலும் பாடியவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனி உரிமை. இவர்களுக்கு முன்னால் அதே மேடையில் வாசித்த வேறு குழுவின் பாட்டு கேசட்டின் ஒரு பக்கத்தில் இருந்தாலும் இதே சிக்கல்தான். அவற்றைப் பிரித்து வீட்டிலேயே வைத்துக் கேளுங்கள்.

முடிந்தால் பழைய பக்கத்து வீட்டுக்காரரைப் பிடித்து, எது யார் பதிந்தது, எங்கிருந்து பதிந்தது என்று கேட்டு எழுதி வையுங்கள். நீக்கச் சொல்லி எங்கிருந்தாவது கடிதம் வந்தால், வாதாடாமல் அன்றைக்கே நீக்கிவிட்டு எனக்கு எழுதுங்கள்.