நாற்றமடிக்கும் நாரைக்கு வளைகாப்பு

அன்புள்ள ஆசிரியருக்கு,

நெல்லை மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் ஊராரே பறவைகளைக் காப்பது பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். பறவை வந்தால் ஊருக்கு நல்லது என்பது அவர்கள் நம்பிக்கை. தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. வழிவழியாக வந்த வழக்கம். பறவையைக் கண்டாலே முகம் சுளிக்கும் ஊரில் என்ன செய்வீர்கள்? அங்கே சட்டம்தானே வழி?

வாசகர், நாங்குநேரி

அன்புள்ள நண்பருக்கு,

கூந்தன்குளத்தில் நம்பிக்கையோடு கணக்கும் உண்டு. எச்சம் கலந்த குளத்து வண்டல் வயலுக்கு உரம். அது இருக்கட்டும். நீங்கள் கேட்கும் ஊர் அசாமில் இருக்கிறது: காமரூப் மாவட்டத்துத் தாதரா.

அங்கே ஹர்கிலா என்றொரு பெருநாரை. ஏறத்தாழ ஐந்தடி உயரம், மொட்டைத் தலை, கழுத்தில் தொங்கும் பை. அழகென்று யாரும் சொல்லமாட்டார்கள். கூடு கட்டுவது வீட்டுத் தோட்டத்து மரங்களில். குஞ்சுக்குக் கொண்டுவரும் அழுகிய மீனும் எலும்பும் முற்றத்தில் விழும், நாற்றம் தாங்காது. அபசகுனம் என்ற பெயர் வேறு. மரத்தையே வெட்டினார்கள். சட்டம் அப்போதும் இருந்தது. சொந்த மரத்தை வெட்டுகிறவரைத் தடுக்க வீட்டுக்கு வீடு காவலரா நிற்க முடியும்?

2007இல் அப்படி ஒரு மரம் குஞ்சுகளோடு சாய்க்கப்பட்டதைப் பார்த்த ஆய்வு மாணவி பூர்ணிமா தேவி பர்மன் தட்டிக்கேட்டார். ‘எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வந்து இதையெல்லாம் கூட்டு’ என்று கேலி செய்தார்களாம். அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஆய்வைத் தள்ளிவைத்துவிட்டுப் பெண்களிடம் போனார். கூடு கட்டும் பருவத்தில் நாரைக்கு வளைகாப்பு நடத்தினார்கள். தறியும் நூலும் கிடைக்க, கமோசா என்ற அசாமியத் துண்டிலும் சேலையிலும் ஹர்கிலாவையே நெய்து விற்றார்கள். கூட்டிலிருந்து தவறும் குஞ்சுக்காக மரத்தடியில் வலை கட்டினார்கள். நாரைக்கு வளைகாப்பா என்று சிரிக்கலாம். ஆனால் உறவு கொண்டாடிவிட்ட பிறகு எவரும் கோடரியை எளிதில் எடுப்பதில்லை. நம் ஊரிலும் அப்படித்தானே? தாதராவிலும் அண்டைக் கிராமங்களிலும் 2010இல் 28 ஆக இருந்த கூடுகள் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் 250ஐத் தாண்டின. ஆகவே வழக்கம் இல்லாத ஊரிலும், ஒரே தலைமுறைக்குள் அதை உண்டாக்கிவிடலாம்.

சட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குவாகாத்திக் குப்பை பல ஆண்டுகள் தீபோர் பீல் என்ற ஈரநிலத்தின் ஓரத்தில்தான் கொட்டப்பட்டது. அந்த மேட்டில் இந்த நாரைகளே இரை தேடின. வீட்டு மரத்தைக் காக்கிற பெண்களால் மாநகரத்தின் குப்பை லாரியை நிறுத்த முடியாது. அரசைக் கேட்க வேண்டியது அங்கேதான்.