கதிர்காமத்துக்கு நடக்கிறவர்களுக்கு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி (முள்ளியவளை): வற்றாப்பளை அம்மன் கோயில் வைகாசிப் பொங்கல் முடிய, எங்கள் ஊரிலிருந்து பன்னிரண்டு பேர் பாதயாத்திரை வெளிக்கிடுகிறோம். 22 வயதுப் பெடியனும் இருக்கிறான், 61 வயது அம்மாவும் இருக்கிறா. குழு பிரியாமல் போய்ச்சேர வழி என்ன?

பதில்: அம்மாவின் நடைதான் குழுவின் நடை. இதைப் புறப்பட முதலே பெடியனுக்குச் சொல்லிவிடுங்கள். மெதுவாக நடப்பவரைப் பின்னால் விட்டால் நாள் முழுக்க ஓடிப்பிடிக்கவே சரியாக இருக்கும். முன்னுக்குப் போகிறவருக்கு அடுத்த ஆளாக அவரை விடுங்கள். கடைசியில் பழக்கப்பட்ட ஒருவர் விசிலோடு வரட்டும். ஐம்பது நிமிடம் நடந்தால் பத்து நிமிடம் ஓய்வு. அந்தப் பத்து நிமிடத்தைக் கடைசி ஆள் வந்து குந்திய பிறகே எண்ணத் தொடங்குங்கள். முன்னே போனவர்கள் இளைப்பாறி முடித்து, களைத்தவர் வந்துசேர எழும்பி நடக்கிற குழுக்களில்தான் மூன்றாம் நாளே சண்டை.

அலம்பில், நாயாறு, கொக்குத்தொடுவாய்ப் பக்கம் விடிய நாலரைக்கு வெளிக்கிட்டுப் பத்து மணிக்குள் நிழலுக்குப் போய்விடுங்கள். மிச்சம் பின்னேரம் மூன்றரைக்குப் பிறகு. ஒதுங்குவதற்குப் பற்றைக்குள் இறங்க முதல் சிவப்பு மண்டையோட்டுப் பலகை இருக்கிறதா என்று பாருங்கள். முல்லைத்தீவில் கண்ணிவெடி ஆபத்தை மறந்து நடக்க முடியாது. உகந்தை முருகன் கோயிலைத் தாண்டினால் இந்த நேரக்கணக்கு சரிவராது. குமண, யால காடுகளில் யானையும் கரடியும் திரிவதால் நன்றாக வெளித்த பிறகே நடை, பொழுதுபட முதல் தங்கல். காய்ச்சல்காரரும் கால் புண்பட்டவரும் பொத்துவிலிலேயே பஸ் ஏறட்டும். காட்டுக்குள் போய் யோசிப்பதில் பயனில்லை.

கேள்வி (புதுக்குடியிருப்பு): பை எத்தனை கிலோ இருக்கலாம்? பயிற்சி வேண்டுமா?

பதில்: உடல் எடையில் பத்தில் ஒன்று, தண்ணீர் தவிர. 60 கிலோ ஆளுக்கு 6 கிலோ. இரண்டு சாரம் அல்லது இரண்டு உடுப்பு, துவாய், பாய், நுளம்புவலை, கோப்பை, ரோச்லைற், மருந்து எல்லாம் 3 கிலோவுக்குள் அடங்கவேண்டும். மற்ற 3 கிலோ உகந்தைக்குப் பிறகான சாப்பாட்டுக்கு. அங்கே கடை கிடையாது. ஆளுக்கு நாளொன்றுக்கு அரிசி 300 கிராம், பருப்பு 75, அவல் 100, பனங்கட்டி 50, கச்சான் 50 என்று கட்டினால் ஐந்து நாளுக்கு ஏறக்குறைய 2.9 கிலோ. பானையும் மருந்துப்பெட்டியும் நாலு பேருக்கு ஒன்று போதும். பன்னிரண்டு பேரின் பையிலும் ஆளுக்கொன்றாக, நோவுக்குப் பூசும் சித்தாலேப போத்தல் இருப்பதுதான் வழக்கம்!

பாரமானதை முதுகை ஒட்டி வையுங்கள். பள்ளிக்கூடப் பை என்றால் பழைய சேலைத் துண்டால் இடுப்போடு சேர்த்துக் கட்டுங்கள், தோள் தப்பும்.

நுளம்புவலையை மட்டும் பாரம் என்று விட்டுவிட வேண்டாம். விளிம்பைப் பாய்க்கு அடியில் செருகிப் படுங்கள். எட்டடி விரியன் பாம்பு இரவில் நிலத்தில் படுத்திருப்பவரைத்தான் தேடி வந்ததுபோலக் கடிக்கும், கடி நோகாது. வயிற்றுவலியும் இமை சோர்வதும் கண்டால் விடியும்வரை காத்திராமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

பயிற்சிக்கு ஆறு கிழமையாவது வேண்டும். தொடக்கத்தில் 5 கிலோமீற்றர், போகப்போக 15. கடைசி இரண்டு கிழமையும் அடுத்தடுத்த இரு நாள் பையோடு நடவுங்கள். முதல்நாள் எல்லாரும் நடப்பார்கள். யாருக்கு எங்கே நோகும் என்பது இரண்டாம்நாள்தான் தெரியும். குளக்கட்டில் நடந்தது மட்டும் காணாது, கடற்கரை மணலிலும் நடவுங்கள். மணலில் குதிகால் புதைவதால் கெண்டைச்சதை கூடுதலாக இழுபடும்.

கேள்வி (கிளிநொச்சி): தண்ணீர் நிறையக் குடித்தும் போனமுறை தலையிடியும் சத்தியும் வந்தது. ஏன்?

பதில்: வியர்வையோடு உப்பும் போகிறது. வெறுந்தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் இரத்தத்தில் உப்பு இன்னும் இறங்கி, தலையிடி, சத்தி, தடுமாற்றம் வரும். தாகத்துக்கு ஏற்பக் குடியுங்கள். உப்புக் கஞ்சியும் ஜீவனியும் (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு–சீனித் தூள்) இடையிடையே வேண்டும். ஜீவனி ஒரு பைக்கற்றுக்கு ஒரு லீற்றர் தண்ணீர். அரை லீற்றர்ப் போத்தலில் முழுப் பைக்கற்றையும் கொட்டுவது பெரும்பிழை. கரைசல் தடித்து வயிற்றைக் குழப்பும். கரைத்ததை 24 மணித்தியாலத்துக்கு மேல் வைக்க வேண்டாம். ஆற்றுத் தண்ணீரைத் துணியில் வடித்துக் கொதிக்கவைத்தே குடியுங்கள், எருமை கலக்கிய தண்ணீர் அது. உடம்பு நோவுக்கு டைக்ளோபினாக், ஐபுபுரூபன் போடாதீர்கள். உடல் காய்ந்திருக்கும்போது அவை சிறுநீரகத்தைத் தாக்கும். பனடோல் (பரசிற்றமோல்) போதும்.

கேள்வி (மல்லாவி): கால் கொப்புளத்தை உடைக்கலாமா?

பதில்: சிறிதென்றால் தொடவேண்டாம். நடக்கவிடாத அளவு பெரிதென்றால் சுட்ட ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வடியுங்கள். மேல்தோலை உரிக்க வேண்டாம், அதுதான் கட்டு. கொப்புளம் வருமுன் அந்த இடம் சூடாகக் குறுகுறுக்கும். அப்போதே நின்று பிளாஸ்ரர் ஒட்டினால் காரியம் முடிந்தது. ஈரச் சொக்ஸைப் பகலில் ஒருமுறை மாற்றுங்கள். நீரிழிவுக்காரருக்குக் கால் உணர்வு குறைவு என்பதால் ஒவ்வொரு தங்கலிலும் வேறொருவர் அவரது உள்ளங்காலை வெளிச்சம் பிடித்துப் பார்க்கவேண்டும்.