மார்கழிக் குளிருக்கு எத்தனை வாட் ஹீற்றர்?

கேள்வி: ஒட்டுசுட்டானில், வீட்டு விறாந்தையில் மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலத் தொட்டியில் கப்பி, ஏஞ்சல் மீன்கள் வளர்த்துக் குஞ்சு விற்கிறேன். போன மார்கழியில் உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி வந்து பாதி செத்துப்போனது. கடையில் 300 வாட் ஹீற்றர் போடச் சொல்கிறார்கள். வாங்கலாமா ஐயா?

பதில்: 300 வேண்டாம் தங்கச்சி. 90, 45, தண்ணீர் நிற்கும் உயரம் 40 சென்ரிமீற்றர் என்று பெருக்கி 1000ஆல் வகுத்தால் 162 லீற்றர். கல், மண் போக 150 என்று வையுங்கள். லீற்றருக்கு ஒரு வாட் என்பது பொதுக் கணக்கு. நமக்கு அதுவே கூட. வாடைக்காற்று வீசும் இரவில் வன்னியில் 21, 22 பாகைக்கு இறங்கும். உங்கள் மீனுக்கு 26 போதும். நாலைந்து பாகை ஏற்றத்தானே வேண்டும்? 50 வாட் ஹீற்றர் இரண்டு வாங்கி, தொட்டியின் இரண்டு முனையிலும் வையுங்கள்.

ஏன் இரண்டு என்றால், ஹீற்றர் பழுதானால் உள்ளே இருக்கும் சுவிட்ச் அணையாமல் ஒட்டிக்கொள்வதுண்டு. 300 வாட் ஒட்டிக்கொண்டால் மணிக்கு ஒன்றரைப் பாகை அளவில் சூடு ஏறும். விடியும்போது மீன் அவிந்து கிடக்கும். 50 வாட் ஒட்டினால் நீங்கள் கவனிக்க நேரம் இருக்கும். ஹீற்றரில் உள்ள இலக்கத்தை நம்பாமல் ஒரு வெப்பமானியும் தொங்கவிடுங்கள்.

வெள்ளைப் புள்ளிக்குக் காரணம் ஓர் ஒட்டுண்ணி. பகலில் சூடு, இரவில் குளிர் என்று தண்ணீர் ஏறி இறங்கும்போது மீன் சோர்ந்துவிடும், ஒட்டுண்ணிக்கு அது வசதி. அதனால் தொட்டிக்கு மூடியும், பின்பக்கம் றெஜிபோம் (தெர்மோகோல்) அட்டையும் போடுங்கள். கரண்ட் போனால் மேலே சாக்கு விரியுங்கள்.

தண்ணீர் மாற்றுமுன் பிளக்கைக் கழற்றிக் கால் மணி நேரம் பொறுங்கள். சூடான கண்ணாடி தண்ணீருக்கு வெளியே வந்தால் வெடிக்கும். வயர் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கட்டும், வழியும் தண்ணீர் அதில் சொட்டிவிடும். வீட்டில் ட்ரிப் சுவிட்ச் (மின் கசிந்தால் கரண்டைத் தானே நிறுத்துவது) இல்லாவிட்டால் ஹீற்றர் யோசனையையே விடுங்கள்.

உங்கள் கிணற்றுத் தண்ணீர் கேத்தலில் வெள்ளையாகப் படியுமென்றால் ஹீற்றரிலும் படியும். மாதம் ஒருமுறை கழற்றி, வினாகிரியில் ஊறவைத்துக் கழுவுங்கள். பங்குனி வெயில் ஏறியதும் இரண்டையும் எடுத்து வைத்துவிடலாம். சித்திரையில் தொட்டியைக் குளிர வைக்கத்தான் வழி தேடுவீர்கள்.