மன்னிப்போடு முடிந்துவிட்டதா?

கேள்வி: கறுப்பின மக்களுக்கு மருத்துவத்தில் இழைக்கப்பட்ட கொடுமைக்கு அமெரிக்க அதிபரே மன்னிப்புக் கேட்டுவிட்டார். இன்றைய டாக்டர்கள் நிறம் பார்த்து வைத்தியம் செய்வதில்லை. பிறகும் ஏன் பழைய புண்ணைக் கிளறுகிறீர்கள்?

பதில்: ஆறிய புண்ணாக இருந்தால் கிளற மாட்டேன். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து டஸ்கீகியில், சிபிலிஸ் என்ற பால்வினை நோய் கண்ட கறுப்பின ஆண்கள் 399 பேரை, அதைக் குணமாக்கும் பென்சிலின் வந்த பிறகும் அதைக் கொடுக்காமல், நோய் எப்படி முற்றுகிறது என்று 1972 வரை பார்த்துக்கொண்டிருந்தது அரசின் சுகாதாரத் துறை. அதற்கு கிளிண்டன் மன்னிப்புக் கேட்டது 1997-இல்.

இரண்டே ஆண்டுகளில், 1999-இல், சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று ரத்தப் பரிசோதனையிலிருந்து கணிக்க ஒரு சூத்திரம் வந்தது. நோயாளி கறுப்பினத்தவர் என்றால், வந்த விடையோடு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்ளச் சொன்னது அது. அவர்களுக்குத் தசை அதிகம், அதனால் சூத்திரம் அளக்கும் தசைக் கழிவும் ரத்தத்தில் அதிகம் இருக்கும் என்பது அதற்குச் சொன்ன காரணம். ஓர் இனத்தின் உடல் முழுக்க ஒரே அச்சில் வார்த்தது என்று நினைத்தால்தான் இப்படிக் கணக்குப் போட முடியும்! விளைவு, கெட்டுக்கொண்டிருந்த சிறுநீரகம் தாளில் நன்றாக இருந்தது. அமெரிக்காவில் சூத்திரம் தரும் அந்த எண் 20-க்கு இறங்கினாலோ, டயாலிசிஸ் தொடங்கினாலோதான், மாற்றுச் சிறுநீரகத்துக்கான வரிசையில் ஒருவரை முன்னே கொண்டுபோகும் காத்திருப்புக் காலம் தொடங்கும். இவர்களுக்கு அது தள்ளிப்போனது. டாக்டர் எவ்வளவு நல்லவராக இருந்து என்ன பயன்? நிறம் பார்க்கும் வேலையை அவருக்கு முன்பே லேப் முடித்துவிட்டது.

2021-இல் இனத்தை நீக்கிய சூத்திரம் வந்தது. அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது 2023-இல் நடந்தது. மருத்துவமனைகள் பழைய பரிசோதனை முடிவுகளை எடுத்துத் திரும்பக் கணக்கிட்டு, கறுப்பின நோயாளிகள் இழந்த காத்திருப்புக் காலத்தை அவர்கள் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று உத்தரவிடப்பட்டது. 14,000-க்கும் மேற்பட்டோருக்குச் சராசரியாக இரண்டு ஆண்டுகள் திரும்பக் கிடைத்தன. நல்லிணக்கம் என்று நான் ஒப்புக்கொள்வது இதைத்தான். பட்டியலில் ஏறுவதற்கு முன்பே இறந்துபோனவர்களுக்கு இதுவும் எட்டவில்லை.

இன்னொன்றும் கேளுங்கள். விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கும் ஆக்சிமீட்டர், ஆபத்தான ஆக்சிஜன் குறைவைக் கறுப்பின நோயாளிகளிடம் வெள்ளையரைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாகத் தவறவிட்டதை 2020-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. எல்லா நிறத்தவருக்கும் அது ஒரே மாதிரி சரியாகக் காட்டுகிறது என்று உறுதியான பிறகு, இந்தக் கேள்வியை மறுபடியும் எனக்கு எழுதுங்கள்.